திருமலை நாயக்கர் மஹாலை முழுமையாகப் பார்ப்பது எப்படி? பத்துத்தூண் முதல் தெப்பக்குளம் வரை ஒரு வழிகாட்டி

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மஹாலை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். முற்றத்தில் ஒரு படம், தூணைக் கட்டிப்பிடித்து ஒரு படம், சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு படம். வெளியே வந்ததும், "இவ்வளவுதானா அரண்மனை?" என்று ஒரு கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்பார்கள். மீதி முக்கால் பங்கு இருந்த இடம் தெருவாகவும் வீடாகவும் ஜவுளிக்கடையாகவும் மாறிவிட்டது. அந்த முக்கால் பங்கை மனத்துக்குள் கட்டிக்கொண்டு போகிறவருக்கே எஞ்சிய கால் பங்கின் அளவு பிடிபடும். அதனால் இந்த வழிகாட்டி டிக்கெட் கவுன்ட்டரில் தொடங்கவில்லை, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் தொடங்குகிறது.

1. மன்னரைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

மஹாலுக்குள் இருக்கும் பலகைகள் கட்டடத்தைச் சொல்லும் அளவுக்கு ஆளைச் சொல்வதில்லை. ஆகவே கொஞ்சம் வீட்டுப்பாடம் தேவை.

மதுரை நாயக்கர்கள் விஜயநகரப் பேரரசின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். 1529-ல் விசுவநாத நாயக்கர் தொடங்கிவைத்த ஆட்சி அது. தளவாய் (படைத்தலைவர்) அரியநாத முதலியாரைத் துணையாக வைத்துக்கொண்டு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தவர் அவர். திருமலை நாயக்கர் 1623-ல், அண்ணன் முத்துவீரப்ப நாயக்கருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தார். 1659 வரை 36 ஆண்டுகள் ஆண்டார். அண்ணன் காலத்தில் தலைநகர் திருச்சிராப்பள்ளி. அதை மதுரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் திருமலை. இதற்கு ஒரு கதை சொல்வார்கள்: மன்னருக்குத் தீராத மண்டைச்சளி, மதுரைக்கு வரும் வழியில் மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்து, மதுரையிலேயே தங்கினால் குணமாகும் என்றார்களாம். வைகைக் கரையில் குடியேறினால் சளி குறையும் என்று இந்த ஊர்க்காரர்கள் எவரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், கதை அப்படி.

தலைநகர் வந்தால் அரண்மனை வர வேண்டும். 1636-ல் மஹால் எழுந்தது. மன்னர் மறைந்து சில மாதங்களில் பேரன் சொக்கநாத நாயக்கர் பட்டமேறினார். அவர் தலைநகரை மறுபடி திருச்சிக்கே மாற்றினார். மாற்றியதோடு நிற்காமல் தாத்தாவின் அரண்மனையை இடித்து, தூணும் மரமுமாக அங்கே அள்ளிக்கொண்டு போனார் என்பதுதான் இந்த இடத்தின் சோகம். மஹாலைக் குலைத்ததில் முதல் கை அந்நியனுடையது அல்ல.

இவ்வளவு போதும். மைசூருடன் நடந்த மூக்கறு போர், ராமநாதபுரத்து மன்னர் சேதுபதியோடு மூண்ட சண்டை, பின் அதே சேதுபதி குலம் முதுமையில் மன்னருக்குக் கைகொடுத்த கதை எல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம்.

2. எந்த நேரம்?

காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். பகல் உணவு வேளையில் சிறிய இடைவேளை உண்டு. என் யோசனை, கதவு திறந்தவுடன் போய்விடுங்கள். அதற்கு இரண்டு காரணங்கள்.

சொர்க்க விலாசம் கிழக்கு பார்த்த கட்டடம். காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும்போது வளைவுகளின் சுதை வேலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரியும். பிற்பகலில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுவதால் முகப்பு மங்கிவிடும், படமும் சரியாக வராது. இரண்டாவது காரணம் கோயில். மீனாட்சியம்மன் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்தை எங்கே கழிப்பது என்று தெரியாத சுற்றுலாக் கூட்டம் முழுவதும் மஹாலுக்கு வந்து சேர்கிறது. பள்ளிச் சுற்றுலா பஸ்கள் நான்கைந்து சேர்ந்துகொண்டால் அந்த மண்டபத்தில் எழும் எதிரொலியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

மாதம் என்றால் மார்கழி, தை, மாசி. சித்திரையில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். ஆனால் சித்திரைத் திருவிழாவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், அந்தத் திருவிழாவை இன்றைய வடிவில் கோத்தவரே இந்த மன்னர்தான் என்பதை நினைவில் வையுங்கள். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்து, சைவத்தையும் வைணவத்தையும் ஒரே கூட்டமாக வைகைக் கரையில் நிறுத்தியவர் அவர் என்பது இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது.

3. போய்ச் சேருவது

ரயில்வே ஜங்ஷனிலிருந்தோ பெரியார் பஸ் நிலையத்திலிருந்தோ இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். வெளியூர் பஸ்ஸில் மாட்டுத்தாவணியில் இறங்குகிறவர்கள் டவுன் பஸ் பிடித்து நகருக்குள் வர வேண்டும். ஆட்டோவில் "மஹால்" என்றாலே போதும். ஆனால் ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள். சொந்தக் காரில் வருகிறவர்கள் அதைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவருவது மனநிம்மதிக்கு நல்லது. மஹாலைச் சுற்றியுள்ள தெருக்கள் கார் என்ற பொருள் வருவதற்கு முன்பே முடிவான தெருக்கள்.

கோயிலையும் மஹாலையும் ஒரே மூச்சில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது, வெளியே ஒப்படைக்க வேண்டும். காலையில் மஹால், மாலையில் கோயில் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

நான் பரிந்துரைப்பது, ஆட்டோவை மஹால் வாசலுக்கு விடாமல் விளக்குத்தூணில் இறங்கிக்கொள்வது.

4. விளக்குத்தூணும் பத்துத்தூணும்

கீழமாசி வீதியின் தென்கோடியில் இருப்பது விளக்குத்தூண். 1840-களில் மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக எழுப்பியது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து நகரத்தை விரிவாக்கியவர் அவர். இடிக்கிற வேலைக்கு ஆட்கள் கிடைக்க, இடித்தவர்களுக்கே நிலம் என்று அறிவித்தார். அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர்களின் பெயர்கள்தான் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிவீதிகள் நான்கும் கோட்டை நின்ற கோட்டில் ஓடுகின்றன. நீங்கள் நிற்கும் இடம் கோட்டைக்கு உள்பக்கம் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.

அங்கிருந்து பத்துத்தூண் சந்து எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சந்துக்குள் சேலைக்கடை, நைட்டிக்கடை, மூட்டை சுமப்பவர்கள், மிதிவண்டிகள். நடுவே திடீரென்று வரிசையாகப் பத்துக் கருங்கல் தூண்கள். அண்ணாந்து பார்த்தால்தான் முடிகிற உயரம். மேலே கூரை இல்லை, தாங்குவதற்கு எதுவும் இல்லை. இவை அரண்மனையின் எச்சம். யானை கட்டிய தூண்கள் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மன்னரின் தம்பி முத்தியாலு நாயக்கர் குடியிருந்த ரங்க விலாசத்தைச் சேர்ந்தவை என்றும் சொல்வதுண்டு. எதுவானாலும், இந்த இடத்திலிருந்து மஹால் வாசலுக்கு நடக்க ஆகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். நடக்கும் தூரம் முழுவதும் அரண்மனையாக இருந்த நிலம். வழியில் நவபத்கானா தெரு வரும்: அரண்மனையில் வேளை தோறும் மேளம் முழங்கிய மண்டபத்தின் பெயரைச் சுமக்கும் தெரு. பந்தடித் தெருக்கள் வரும். இந்தப் பகுதியில் சௌராஷ்டிர மக்கள் பெருவாரியாக வாழ்கிறார்கள். பட்டு நெசவுக்காக நாயக்க மன்னர்கள் ஆதரித்துக் குடியமர்த்திய சமூகம். தெருவில் காதில் விழும் தமிழல்லாத பேச்சு அவர்களுடையது.

5. முற்றம்

நுழைவாயிலில் டிக்கெட், கேமராவுக்குத் தனி டிக்கெட். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராக எதிர்ப்புறத்துக்கு ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். முற்றத்தின் நடுவுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 250 அடி நீளம், 150 அடி அகலம் கொண்ட செவ்வகம். நாற்புறமும் தூண்களும் வளைவுகளும். மொத்தம் 248 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு தூணின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தால் அளவு விளங்கும். மூன்று பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிப்பது சிரமம்.

இதைக் கருங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். கோயில்களைக் கல்லால் கட்டிய அதே மன்னர் தனக்கென்று கட்டிக்கொண்டதைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினார். மேல்பூச்சு, கடற்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சாந்து. காய்ந்த பின் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினால் பளிங்கு போல் நிற்கும். கை எட்டாத உயரத்தில் அந்த வழவழப்பு இன்னும் தெரியும். கை எட்டும் உயரத்தில் தெரிவது வேறு: "குமார் – செல்வி", அம்பு துளைத்த இதயம், கல்லூரிப் பெயர், ஆண்டு. கல்வெட்டுகளைப் பாதுகாக்கிற துறையின் கட்டடத்திலேயே ஆணி கொண்டு புதுக் கல்வெட்டு பொறிக்கிற துணிச்சல் நம்மவர்களுக்கு மட்டும்தான் வரும். குழந்தைகளோடு போனால் இதைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

6. சொர்க்க விலாசம்

மேற்கே படியேறினால் சொர்க்க விலாசம். படியின் இருபுறமும் சிதைந்த குதிரைச் சிலைகள் உண்டு. அவசரத்தில் பலர் கவனிப்பதில்லை. ஏறி, நடுக்குவிமாடத்துக்குக் கீழே நில்லுங்கள். அரசர் கொலு வீற்றிருந்த இடம் இது. இவ்வளவு பெரிய கூரையைத் தாங்க ஓர் உத்தரமோ இரும்புச் சட்டமோ கிடையாது. வளைவு வளைவின் மேல் சாய்ந்து, எண்கோணமாகிப் பிறகு வட்டமாகி மேலே மூடிக்கொள்கிறது. கழுத்து வலிக்கும்வரை பாருங்கள். எங்கே சதுரம் எண்கோணமாகிறது என்று கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு.

அடுத்துத் தூண்களுக்கு மேலே வளைவுகளின் விளிம்பு. இதழ் இதழாக வெட்டியது போல் இருக்கும். அதற்கும் மேலே யாளிகள், கிளிகள், கொடிகள். வளைவு முகமதிய பாணி, யாளி நம் கோயில் பாணி, தூணின் பருமனில் ஐரோப்பியச் சாயல் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இதே இதழ் வளைவுகள் விஜயநகரத்தின் தலைநகராக இருந்த ஹம்பியின் தாமரை மஹாலில் இதற்கு முன்பே இருக்கின்றன. விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்தவர்களின் வாரிசு, விஜயநகர அரண்மனைகளைப் பார்த்துக் கட்டினார் என்று கொள்வதற்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை. அதே சமயம், 1606-லேயே இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்துவிட்டார். ஐரோப்பியப் பாதிரியார்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர். எனவே கதையை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம்.

இப்போது ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கிற நிறத்தில் பெரும்பகுதி திருமலை நாயக்கர் கண்ட நிறம் அல்ல. 1792-ல் டேனியல் என்ற பெயர் கொண்ட ஆங்கில ஓவியர்கள் இருவர் மதுரைக்கு வந்து இதை வரைந்தபோது இது பாழடைந்த இடமாக இருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பணம் ஒதுக்கிச் சீரமைத்தார். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸோம் அந்தப் பணியில் ஈடுபட்டார். சென்னையில் பின்னாளில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகளைக் கலந்து எழுந்த இந்தோ-சாரசெனிக் கட்டடங்களுக்குப் போகும் ஒரு வேர் இந்த மண்டபத்தில் இருக்கிறது. அதன் பிறகு மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் 1970 வரை இயங்கியது. பாகப்பிரிவினை வழக்குக்கு வாய்தா வாங்க வந்த கிராமத்து மக்கள் இந்தத் தூண்களில் சாய்ந்து காத்திருந்தார்கள். அரண்மனையைத் தெருவுக்குக் கொடுத்த ஊர், மிச்சத்தைக் கோர்ட்டுக்குக் கொடுத்தது. அலுவலகமாக இருந்ததால்தான் இடிபடாமல் தப்பித்தது என்றும் சொல்லலாம்.

புறாக்கள் பற்றி: நிறைய இருக்கின்றன. குவிமாடத்துக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்க வேண்டாம்.

7. நாடகசாலை அருங்காட்சியகம்

சொர்க்க விலாசத்தின் வடபுறமாகப் போனால் நாடகசாலை. இரவில் தீவட்டி வெளிச்சத்தில் ஆடலும் பாடலும் நடந்த நீண்ட கூடம். இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பெரும்பாலோர் இங்கே ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. மன்னரின் வாள், கிரீடம், பட்டு உடை என்று எதிர்பார்த்து வருகிறார்கள். கிடைப்பவை கற்சிற்பங்களும் கல்வெட்டுகளும்.

இந்த எதிர்பார்ப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நுழையுங்கள். இது மன்னருடைய பொருள்களின் கூடம் அல்ல, அவர் ஆண்ட நாட்டின் கூடம். பார்க்க ஒரு முறை சொல்கிறேன். முதலில் சிற்பங்களை விட்டுவிட்டுக் கல்வெட்டுகளிடம் போங்கள். எழுத்து உருண்டு வளைந்து, தமிழ் போலவும் இல்லாமல் இருந்தால் அது வட்டெழுத்து. பாண்டிய நாட்டின் பழைய எழுத்து அதுதான். ராஜராஜ சோழன் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு இங்கே சோழர்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்து பரவி, வட்டெழுத்து மெல்ல மறைந்தது. பக்கத்தில் நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய கல்வெட்டு இருந்தால், பெரும்பாலும் அது பின்னால் வந்தது. "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற தொடக்கத்தைத் தேடுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து "யாண்டு" (ஆட்சி ஆண்டு), அதற்கடுத்து ஓர் எண், பிறகு ஊர்ப்பெயர் என்று வாய்ப்பாடு போல் ஓடும். குழந்தைகளுக்கு இது பிடிக்கும். பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

சிற்பங்களில் கவனிக்க வேண்டியது முகம் அல்ல, இடையும் அணிகலனும். பாண்டியர் காலச் சிற்பத்தில் நகை குறைவு, உடல் இயல்பு. நாயக்கர் காலத்துக்கு வர வர மூக்கு கூர்மையாகும், நகை கூடும், நுணுக்கம் நகக்கண் வரை போகும். பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு கோயிலில் கிடைக்காது, இங்கே கிடைக்கும்.

8. பள்ளியறைக் கதை

மன்னரின் பள்ளியறை என்று ஓர் அறையைக் காட்டுவார்கள். அதன் கூரையில் ஒரு துளையைக் காட்டி ஒரு கதையும் சொல்வார்கள். ஒரு திருடன் அதன் வழியாகக் கயிற்றில் இறங்கி அரச நகைகளைத் திருடிக்கொண்டு போய்விட்டான். யாராலும் பிடிக்க முடியவில்லை. நகையைத் திருப்பித் தந்தால் தலைமுறைக்கும் நிலம் மானியம் என்று மன்னர் பறை அறைவித்தார். திருடன் தானாக வந்து நகையை ஒப்படைத்தான். மன்னரும் சொன்ன சொல் தவறாமல் மானியத்தை எழுதிக் கொடுத்தார். அடுத்த உத்தரவு, அவன் தலையை வெட்டும்படி. மானியம் வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்ததாம். ஆவணம் கேட்காதீர்கள், கேட்டு ரசியுங்கள்.

9. ஒலி-ஒளிக் காட்சி

மாலையில் முற்றத்தில் நாற்காலி போட்டு நடத்துவது. ஆங்கிலத்தில் ஒரு காட்சி, தமிழில் ஒரு காட்சி. அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாளில் நம்பி வர வேண்டாம். தொல்லியலுக்காக அல்ல, இரவில் வளைவுகளுக்குள் நிழல் நகர்வதைப் பார்க்கப் போகலாம். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. முதியவர்களோடு வந்திருந்தால் பகல் பார்வையை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்வதும் நல்ல முடிவு. படி ஏற வேண்டாம், வெயில் இல்லை.

10. மன்னரின் முகத்தைப் பார்க்க

மஹாலுக்குள் மன்னர் எங்கும் நிறைந்திருப்பது போலத் தோன்றும், ஆனால் அவர் காலத்துச் சிலையை அங்கே தேட வேண்டாம். அது கோயில்களில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே அவர் கட்டிய புதுமண்டபத்தில், 124 தூண்களுக்கிடையே, நாயக்க மன்னர்களின் வரிசையில் அவரும் தேவியரும் நிற்கிறார்கள். பருத்த உடம்பு, முன்தள்ளிய வயிறு, கூப்பிய கை. திருப்பரங்குன்றத்திலும் இதே கோலம். சிற்பி மன்னரை ஒல்லியாக்கிக் காட்ட முயலவில்லை, மன்னரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அரண்மனையில் எல்லோரையும் தன் முன் நிற்கவைத்தவர், கல்லில் பதிந்தபோது கும்பிட்ட கையோடு பதிந்திருக்கிறார். இந்த மண்டபத்துக்குள் இருந்த தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு புதுமண்டபத்தில் சீரமைப்பு தொடங்கியது. உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். எதிரே எழுகடல் தெருவில் முடிவுபெறாத ராயகோபுரத்தின் அடித்தளம் நிற்கும். கட்டி முடித்திருந்தால் எவ்வளவு உயரம் வந்திருக்கும் என்பதை அந்த நிலைக்கல்லைப் பார்த்து நீங்களே ஊகிக்கலாம்.

மஹாலிலிருந்து வெளியே வந்து பசித்தால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா இருக்கிறது. நன்னாரி சர்பத், கடற்பாசி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். மதிய உணவுக்கு முன் குடித்தால் மதிய உணவு தேவைப்படாது.

கடைசி நிறுத்தம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் வெட்டியது. மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தையே குளமாக்கினார் என்பது ஊர் வழக்கு. மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் அந்தப் பள்ளத்தில் கிடைத்தவர் என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் அடிப் பக்கமுள்ள குளம், நடுவே மைய மண்டபம். மாலையில் படித்துறையில் உட்காருவதற்கு மதுரையில் இதைவிட நல்ல இடம் குறைவு. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கே தெப்பத்தில் வலம் வருகிறார்கள். அது திருமலை நாயக்கரின் பிறந்த நாளாகவும் கொண்டாடப்படுகிறது. அந்த நாளில் வருகிறவர்கள் மஹாலைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் குளக்கரைக்குப் போய் இடம் பிடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காமராஜர் சாலையில் எந்த ஆட்டோவும் நகராது.